ஆறு வயது வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரு வண்டி இன்னும் எத்தனை வருஷம் ஓடினால் நமக்குப் போதும்? ஜாக்கி மாமா இன்று காலை என்னிடம் இப்படிக் கேட்டார், பதில் தெரியாமல் நின்றேன், இப்போது சாயங்காலம் நான்கு மணி, இன்னும் தெரியவில்லை. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கும் அப்படித்தான் என்று எழுதிவிடலாம், ஆனால் பொய் சொல்லத் தாளும் பேனாவும் எதற்கு, அதற்குத்தான் போன் இருக்கிறதே. போனில் நீ கேட்கும்போதெல்லாம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நானும் பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது உள்ளே தூங்குகிறார். சமையலறை மேஜையில் திருத்தவேண்டிய விடைத்தாள்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எழுதுகிறேன்.

பெரிய வண்டி எதற்கு என்று கேட்டிருந்தாய். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். போகும்போது நம்முடைய சின்னக் காரில் முன்னால் உட்கார்ந்து வந்துவிடுகிறார். திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது, காலை நீட்டிப் படுத்தே ஆகவேண்டும், பின் சீட்டில் ஆறடி மனிதர் எப்படிப் படுப்பது. போன மாதம் பாதி வழியில் கண் சொருகிவிட்டது, வண்டியை ஓரம் கட்டிக் கதவைத் திறந்து அவர் கால்களை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. வாடகை வண்டி மூன்று தடவை வரவேயில்லை. அதனால்தான் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி, நடுச் சீட்டை மடக்கினால் படுக்கை போட்டுவிடலாம். புதியது நமக்கு ஆகாது, பழையதுதான், அது நடுவழியில் நிற்காத பழையதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் தேவை. நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எந்த மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நட்சத்திரம் போடுகிறவர்கள் எல்லாரும் வாங்கின முதல் வாரத்தில் போடுகிறார்கள். ஏழாவது வருஷம் ரோட்டில் நின்றவன் வந்து எழுதிவிட்டுப் போவதில்லை. அவனுக்கு வேறு வேலை இருக்கும்.

உன் அப்பாவுக்கு நட்சத்திரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் என்ஜின் சோதித்தவர், காது என்றே பட்டப்பெயர் வாங்கியவர். முதலில் ஒரு புரோக்கர் காட்டின வண்டி, லேடீஸ் ஓட்டினதுங்க, முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஆகியிருக்கு என்றான். அப்பா மீட்டரைப் பார்க்கவேயில்லை, குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து வழுக்கையாக இருந்தது. "அந்த லேடீஸ் பிரேக்கை மட்டும் லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருக்காங்கப்பா" என்றார். இன்னொன்று ஒரு டாக்டருடையது, பளபளவென்று இருந்தது, அப்பா சீட்டுக்கு அடியில் அது நகர்கிற இரும்புத் தடத்தைத் தடவி விரலைக் காட்டினார், காய்ந்த சேறு. வெள்ளத்தில் நின்ற வண்டி. இப்படியே ஏழு வண்டி கழிந்தது. எட்டாவதுதான் இன்று காலை போய்ப் பார்த்தது, மருந்துக்கடைக்காரர் ஒருவருடையது, நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். உதவிக்கு ஜாக்கி மாமா வந்திருந்தார். உனக்குத் தெரியுமே, டிப்போவில் அப்பாவிடம் வேலை கற்றவர், இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார், கல்யாண வீட்டுக்குக்கூட ஜாக்கியோடுதான் வருவார்.

அப்பாவின் முதல் விதி, நாம் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடாது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதுதான் புகையும் சத்தமும் உள்ளதை உள்ளபடி சொல்லுமாம், சூடாகிவிட்டால் நோயெல்லாம் மறைந்துவிடுமாம். இதைப் போனிலேயே சொல்லியிருந்தேன். அப்பா இறங்கி மெதுவாக நடந்து போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சூடு. உடனே திரும்பிவிட்டார். "வெந்நீர் போட்டு வெச்சிருக்கான், நாம என்ன குளிக்கவா வந்தோம், வா போகலாம்" என்றார், அந்த மனிதர் காதில் விழும்படியே. நானும் சும்மா இருக்கவில்லை, சொன்னதைக்கூடக் கேட்கமாட்டீர்களா என்று கேட்டுவிட்டேன், வகுப்பில் காப்பியடித்த பையனைக் கேட்பதுபோல. அவர் முகம் சிவந்துவிட்டது. "இல்ல மேடம், ஏசி போட்டு வெச்சேன். டயாலிசிஸ்ல இருக்கறவர் உட்கார்ந்து பாப்பார்னு சொன்னீங்க. எங்கம்மாவுக்கு வெக்கை ஆகவே ஆகாது, அந்த ஞாபகத்துல பண்ணிட்டேன்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏழு வண்டியில் ஏமாற்றுக்காரர்களைத் தேடித் தேடி, எட்டாவதில் ஒருவர் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தது எங்களுக்கு மோசடியாகத் தெரிந்திருக்கிறது.

ஜாக்கி மாமா அடியில் படுத்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, வண்டி சுத்தம். பின்னாடி ஒரு ஷாக் அப்சார்பர் மாத்தணும், டயர் ரெண்டு மாத்தணும். ஆனா எத்தனை வருஷம் ஓடணும்னு நீங்க சொல்லணும். மூணு வருஷம்னா இப்படியே ஓட்டலாம், கைய வெக்க வேணாம். பத்து வருஷம்னா இப்பவே என்ஜினைப் பிரிச்சு வேலை பாத்துடணும்" என்றார். அவர் வண்டியைப் பற்றித்தான் கேட்டார். நான் இருபத்திரண்டு வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறேன், ஆயிரம் பல்பில் எத்தனை முதல் வருஷம் அணையும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுவேன், கையில் இருக்கிற இந்த ஒரு பல்பு எப்போது என்று கேட்டால் அதற்கு என் பாடத்தில் பதில் கிடையாது. டாக்டர் ஒரு தடவை சராசரி சொல்ல வாயெடுத்தார், வேண்டாம் என்றுவிட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று ஜாக்கி மாமாவிடம் சொன்னேன். நாளை காலை ஆறு மணிக்கு நாங்கள் வரும்வரை என்ஜினைத் தொடாமல் வைத்திருப்பதாக மருந்துக்கடைக்காரர் சொன்னார், எட்டு மணிக்கு வேறொருவர் பார்க்க வருகிறாராம்.

சர்வீஸ் புத்தகத்தை வாங்கி வந்தோம். வரும் வழியில் அப்பா புரட்டிக்கொண்டே வந்தார், வீட்டு வாசலில் மூடி என்னிடம் நீட்டி, கணக்கு உன் சப்ஜெக்ட், நீ பாரு என்றார். பார்த்தேன். முதல் மூன்று வருஷம் கண்டபடி ஓடியிருக்கிறது, ஊர் ஊராக முத்திரை, ஒரு மாதத்தில் நாலாயிரம், அடுத்த மூன்று மாதம் ஒன்றுமில்லை. குடும்பத்தோடு எங்கெங்கோ போயிருக்கிறார்கள். அப்புறம் எல்லாம் ஒரே பட்டறையின் முத்திரை, சரியாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐயாயிரம் கிலோமீட்டர், கோடு போட்டதுபோல. ஆஸ்பத்திரிக்குப் போய்வர அவர்கள் வீட்டிலிருந்து அறுபத்து நாலு கிலோமீட்டர், அவருடைய அம்மாவும் நம்மைப்போல வாரம் மூன்று தடவை. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பார்க்கிங் ஸ்டிக்கர் நாம் போகிற அதே ஆஸ்பத்திரியுடையது, உள்கூரையில் சலைன் பாட்டில் மாட்ட ஒரு கொக்கிகூட இருக்கிறது. இப்படி நான்கு சர்வீஸ். கடைசி சர்வீசுக்குப் பிறகு மீட்டர் மூவாயிரத்து முந்நூறு நகர்ந்திருக்கிறது, வகுத்துப் பார்த்தால் பதினேழு வாரம். அதோடு நின்றுவிட்டது, எட்டு மாதமாக ஷெட்டில். ஆக அந்த அம்மாவுக்கு இரண்டு வருஷம் நான்கு மாதம். வகுக்காமல் இருந்திருக்கலாம், பழக்கம் விடவில்லை. இத்தனை நாளில் வண்டி ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை, பழுது என்று ஒரு வரி கிடையாது. இதைவிட நம்பகமான வண்டி எங்கே தேடினாலும் கிடைக்காது பாப்பா. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. புத்தகத்தைப் பாத்திர அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அப்பா ஐயாயிரம் ஐயாயிரமாகக் கூட்டிப் பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று போன வாரம் கேட்டாய். வேண்டாம். வந்து நீ பார்க்கப்போவதும் இதே வழியை, வாரத்துக்கு மூன்று தடவை. அங்கே இருமல் இன்னும் இருக்கிறது என்று உன் குரலிலேயே தெரிகிறது, டாக்டரிடம் போ, மருந்துக்கடையில் நீயாக ஏதாவது வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. கண்ணாடியின் பவரை மாற்றச் சொல்லி ஒரு வருஷமாகிறது. குளிர் வந்தால் ஜன்னலை முழுக்க மூடிக்கொண்டு ஹீட்டர் போட்டுத் தூங்காதே, கொஞ்சம் திறந்து வை. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அவர் சொல்லித் தரவில்லை, நானே அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கண் பரிசோதனையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

மறுநாள், காலை பத்து மணி. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆறு மணிக்கு அங்கே இருந்தோம். பானெட் சில்லென்று இருந்தது. முதல் சாவியிலேயே கிளம்பியது, புகை இல்லை, அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு பின்னால் ஏறி, மடக்கிய சீட்டில் காலை நீட்டிப் படுத்து, அந்தக் கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "தம்பி, உங்கம்மா இதுல எத்தனை வருஷம் வந்தாங்க?" என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அது இருக்கும் சார், ஒரு ஏழெட்டு வருஷம்" என்றார். அப்பா மெதுவாக, "ஏம்ப்பா, வண்டிக்கே ஆறு வயசுதானே ஆகுது" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வரும்வரை சிரித்தார், ஜாக்கி மாமா சிரித்தார், அந்த மனிதர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். அடங்கினதும் ஜாக்கி மாமா, "அண்ணே, என்ஜினைப் பிரிக்கணுமா?" என்று அவரையே கேட்டுவிட்டார். "வேணாம்டா. இப்படியே ஓட்டலாம்" என்றார் அப்பா.

வண்டியை நான்தான் ஓட்டி வந்தேன். பின்னால் படுத்துக்கொண்டு, கிளட்ச்லேருந்து காலை எடு, காலை எடு என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். வரவேண்டாம் என்று மேலே ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காதே. லீவு கேட்டுப் பார்.