மடியில் வந்த சங்கு

கோப்பாய்
01.08.2025

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே டார்வின் நகரில் நீயும் மருமகனும் ஆரபிக்குட்டியும் நோய்நொடியில்லாமல் இருக்க நல்லூர்க் கந்தன் துணையிருப்பான், கோயில் திருவிழாக் கொடியும் ஏறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனாலும் வாழை தப்பிவிடும். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் பேனை எடுத்தேன்.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் எடுத்த சங்கின் படத்தை அனுப்பி, இது என்ன சாமான் என்று கேட்டேனல்லவா. நீ உடனே போன் எடுத்து, அது உயிரோடை இருக்கு அப்பா, நச்சு ஊசியாலை குத்தும், மாற்று மருந்தும் இல்லை, இஞ்சை கடற்கரையிலை இதின்ரை படம் போட்டு எச்சரிக்கை வைச்சிருக்கினம், கையாலை தொட்டனீங்களோ என்று கத்தினாய். நான், இல்லை, குறட்டால் பிடித்துத் தகரப் பேணியில் போட்டேன் என்றேன். அது பச்சைப் பொய் மகள்.

என்னைப் பெற்ற ஐயாவுக்குப் பிதிர்க்கடன் முடித்துக் கடலில் முழுகி எழும்பும்போது கல்லிடுக்கில் கிடந்தது. கூம்பு வடிவம், பொன்னிறம், சேலைக்கரை மாதிரி கோடுகள். ஆரபிக்கு என்று ஆசைப்பட்டேன். ஒரு கையில் செம்பு, மறு கையில் ஈர உடுப்பு, வேறெங்கே வைப்பது? வேட்டி மடியில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து நித்திரை, ஒன்றரை மணித்தியாலம் அது என் வயிற்றோடு கிடந்தது. வீட்டில் எடுத்து வைத்தபோது தும்பிக்கை மாதிரி ஒன்றை நீட்டியது, அதன் பிறகுதான் உனக்குப் படம் அனுப்பினேன். ஐயாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போனவன் ஐயாவோடேயே போயிருப்பேன். பயந்துபோனேன் மகள், விரதச் சோற்றுக்குப் பொரித்த காத்தோட்டிக்காயைக்கூடத் தொடவில்லை. நீ சொன்னபடி, பக்கத்து வீட்டுக் கனகலிங்கத்தின் மோட்டார் சைக்கிளில் அன்றே கொண்டுபோய்க் கடலில் விட்டேன். அந்தப் பயணத்துக்குத்தான் குறடும் பேணியும்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அன்று என்றுமில்லாமல் பத்துத் தரம் வந்து என் காலைப் பிடித்துவிட்டாள், பாவம், கீரிமலைக்குப் போய்வந்த களைப்பென்று நினைத்திருப்பாள். நீயும் வாய்விடாதே. ஆரபியைக் கடற்கரையில் வெறுங்கையால் எதையும் பொறுக்க விடாதே. எனக்கு அறுபத்தெட்டில் வராத புத்தி அவளுக்கு ஆறு வயதிலேயே வரட்டும்.

மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா
தியாகராசா

பிள்ளை, அம்மா எழுதுறன். கடித உறையை ஒட்ட முன்னம் வாசிச்சிட்டன். உன்ரை அப்பா ஸ்பீக்கரிலை போட்டுத்தானே கதைக்கிறவர், நீ கத்தினது எனக்கும் கேட்டது. வேட்டியைத் தோய்ச்சதும் நான்தான், மடியெல்லாம் மணல். களைப்பெண்டு கால் பிடிக்கேல்லை. கால் குளிர்ந்திட்டுதோ, சூடு இருக்கோ எண்டுதான் தொட்டுத் தொட்டுப் பாத்தனான்.