குழியை மறித்தவன்

போபோ ஜூலாசோ வட்டம்
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஒடிலுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் குழந்தையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாயிருக்க வேண்டும். இங்கே என் உடம்பு நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் நலம் என்று எழுத வரவில்லை.

அம்மாவை அடக்கம் செய்ததைப் போனில் சொன்னேன், முழுவதையும் சொல்லவில்லை. சந்தையில் இப்போது யாரும் மாடு மேய்க்கும் ஃபுலானிகளின் மொழியில் வாய் திறப்பதில்லை, பால் விற்கும் அவர்கள் பெண்கள்கூட சந்தைப் பொதுமொழியான ஜூலாவில்தான் விலை சொல்கிறார்கள், அதனால் போனில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருந்தேன். வடக்கே கிராமங்களை எரித்தது ஃபுலானிகள்தான் என்று சொல்லி, இங்கே நம்மோடு பிறந்து வளர்ந்தவர்களையும் ஊர்க்காவல் பையன்கள் துப்பாக்கியோடு முறைக்கிறார்கள். ஆகவே நமக்குப் பால் ஊற்றும் ஃபுலானி ஹமதூம் வரமாட்டான் என்று நினைத்தேன், வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். ஆனால் நம் போபோ இனத்தார் வீட்டுச் சாவில், ஒருவரையொருவர் அடிமை என்று வைது விளையாடும் கேலிமுறைக்காரனான ஃபுலானி குழியை மறித்துப் படுத்து, செத்தவரை வைது, மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக்கொட்டையை வாங்கிக்கொண்டு எழுந்தால்தானே பெட்டி இறங்கும். உன் தாத்தாவுக்கு அவன் அப்பா மறித்தார்.

பெட்டியைத் தூக்கும் நேரம் அவன் கூட்டத்தைப் பிளந்து வந்து குழிக்குள் குதித்துப் படுத்துக்கொண்டான். நம் மொழியிலேயே கத்தினான், "ஏ பெர்னதெத், சோளக் கள்ளு குடிச்ச மயக்கமாடி? எந்திரி! நீ என் அடிமை, என்னைக் கேக்காம எங்க கிளம்பிட்ட?" யாரும் சிரிக்கவில்லை. பதில் வராவிட்டால் அது கேலியில்லை, செத்தவளை ஒரு ஃபுலானி வைத வசவு. பையன்களில் ஒருவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். உனக்குத் தெரியும், அவனுக்குப் பதில் கொடுப்பது எப்போதும் உன் அம்மா, நான் பக்கத்தில் நின்று சிரிப்பவன். "மாட்டுத் திருடா" என்ற அவளுடைய வழக்கமான வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அன்றைக்கு அந்தச் சொல்லே அவனைக் கொன்றிருக்கும், விழுங்கிவிட்டேன். அவன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "அடேய் அடிமைப்பயலே, ஆயுசு பூரா பால்ல தண்ணி ஊத்தி எம் பொண்டாட்டிய ஏமாத்தின, இப்பக் குழியிலயும் தண்ணி ஊத்துறியா?" என்றேன். பின்னாலிருந்து உன் அத்தை, "பாதிக்குப் பாதிடா, நானும் வாங்கிக் குடிச்சிருக்கேன்!" என்று சிரித்தாள், பிறகு கூட்டமே சிரித்தது. துப்பாக்கி தோளுக்குத் திரும்பியது. கோலாக்கொட்டையை வாங்கிக்கொண்டு ஏறி வந்தவன் என் காதருகே, "பரவால்லயே மச்சான், உனக்கும் வாய் இருக்கு" என்றான்.

அடுத்த வாரம் சந்தைக்குப் போகும் வழியில் ஊர்க்காவல் பையன்கள் அவனை வண்டியிலிருந்து இறக்கினார்கள். பெயரை மட்டும் கேட்டார்களாம். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் மனைவி பிள்ளைகளோடு எல்லை தாண்டிவிட்டாள். காவல் நிலையத்தில் போய் விசாரித்தேன். அவன் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். கேலிமுறை என்றேன். "வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்றார்கள். வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

இந்த வருஷம் நீ வராதே, சாலை சரியில்லை. என் மாத்திரைகளைத் தவறாமல் போடுகிறேன். ஹமதூம் வீட்டில் நீ கற்றுக்கொண்ட ஃபுலானி வணக்கத்தைப் பேரனுக்கும் சொல்லிக்கொடு, அங்கேயாவது அதைச் சத்தமாகச் சொல்லலாம். கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. என் காலம் முடியும்போது நீ வர முடியாவிட்டாலும் அத்தைக்குச் சொல்லிவிடு, குழியை மறிக்க ஆளில்லை என்று உடனே இறக்கிவிட வேண்டாம், கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.

என்றும் உன்
அப்பா அனத்தோல் மில்லோகோ