நாய்க்கு ஊதிய மூச்சு

சென்னை
12.11.1946

அன்புமிக்க உம்மாவுக்கு, மகன் சாலிஹ் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? தங்கச்சி ராஹிலா இதைப் படித்துக் காட்டும்போது நடுவில் கோபப்படாமல் முழுவதும் கேளுங்கள்.

மூச்சு நின்ற பிராணியைப் பிழைக்க வைக்க இந்த வாரம் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பயிற்சி. செத்த ஆட்டின் விலாவை அழுத்தி, விட்டுப் பழகினோம். மறுநாளே கல்லூரிக்கு எதிர்க்கடை வீரபாகு அண்ணாச்சி, நம் சாத்தான்குளத்துக்காரர், கால்வாயில் விழுந்த தன் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏலே சாலிஹு, கருப்பன் மூச்சு விட மாட்டேங்கான்லே!"

தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடித்தேன். விலாவை அழுத்தினேன். அசைவில்லை. வாத்தியார் மூக்கில் ஊதச் சொன்னார். ஊதிவிட்டேன் உம்மா. அதன் வாயைப் பொத்திக்கொண்டு, முத்துக் குளிக்கிறவனைப்போல நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து இழுத்து ஊதினேன். திடீரென்று தும்மியது. கண் திறந்ததும் என் முகத்தைத்தான் நக்கியது. அண்ணாச்சி இப்போது என்னை "டாக்டரு" என்றுதான் கூப்பிடுகிறார்.

பதறாதீர்கள். நாயின் எச்சில் பட்டால் செய்யவேண்டிய முறைப்படி ஏழு தடவை கழுவினேன், அதில் ஒரு தடவை மண் குழைத்து. பிறகுதான் தொழுதேன்.

அண்ணாச்சி வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறார். அவரிடம் கொஞ்சம் மாசிக் கருவாடு, இடுப்பில் கட்ட என் பழைய சாரம், நம் முற்றத்து மண் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுங்கள். இன்னும் எத்தனையோ நாய்கள் வரும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

சென்னையில் மண்ணே இல்லையா என்று ராஹிலா கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டாம், பொட்டலத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டுங்கள்.

உங்கள் மகன்
சாலிஹ்