தொண்ணூற்று நான்கு சதவீதம் மற்றவை

மார்ச் 4, செவ்வாய்

ஐம்பத்திரண்டாம் பாடம்: "எதைச் சேர்ப்பது என்று யோசிக்கிறவன் கடைக்காரன். எதை நீக்குவது என்று யோசிக்கிறவன் நிறுவனர்."

சொன்னவர் இரண்டு கம்பெனி கட்டி இரண்டையும் விற்றவர். இன்றைய நிறுவனர் கூட்டத்தில் எனக்கு முன்வரிசை. கேட்கிற பாடங்களை எல்லாம் எண் போட்டு இந்த நோட்டில் எழுதிவருகிறேன். தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்பத்திரண்டு பாடமா? இன்னும் எந்த வகுப்புலதான் இருக்கே அண்ணா?" என்றாள். பொறாமை இல்லை, பசி. மதியம் சாப்பிடவே இல்லையாம், போன் விடவில்லையாம்.

எங்கள் கம்பெனி என்பது நான், தங்கச்சி, ஒரு மாடியறை, நாற்பத்தொரு சலவைக்கடைகள். துணி வாங்கும்போது கடைக்காரர் எங்கள் செயலியில் பதிவார். தயாரானதும் துணி கொடுத்தவருக்குத் தகவல் போகும். செயலியை எழுதியது அவள். கடைக்காரர்களின் போனை எடுப்பதும் அவள். நான் தொலைநோக்கு.

மார்ச் 6

எதை நீக்குவது?

மார்ச் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். குறிப்புப் பெட்டி!

ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு காலிக் கட்டம். கடைக்காரர்கள் அதில் மனம்போனபடி எழுதுகிறார்கள். இன்று இருபது படித்தேன். "கை பட்டன் வரும்போதே இல்ல, நாம உடைக்கல." "மணி அடிக்காதே, குழந்தை தூங்கும்." "தம்பி வந்தா குடுக்காதே, அண்ணன்கிட்ட மட்டும்." "சோப்பு வாசனை ஆகாது, இருமல்." "போன வாரம் சண்டை, சிரிச்சுப் பேசு." இதை வைத்து எந்தக் கணினி என்ன செய்யும்? குப்பை. இதற்குப் பதிலாகப் பன்னிரண்டு தேர்வுகள் கொண்ட பட்டியல் ஒன்று போட்டேன்: கறை, கிழிசல், பட்டன், அவசரம் என்று போய், பன்னிரண்டாவதாக 'மற்றவை'.

"அண்ணா, அதுல நான் ஆறாயிரம் படிச்சிருக்கேன். அவங்க கடையே அதுக்குள்ளதான் இருக்கு."

"உனக்கு உணர்ச்சி அதிகம்" என்றேன். (பாடம் 17.)

"மாத்தித் தர்றேன். ஆனா இது உன் முடிவு. அதையும் அந்த நோட்டுல எழுதி வை."

எழுதிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பெட்டி போய்விட்டது. திரை எவ்வளவு சுத்தம்!

தங்கச்சிக்கு ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை வந்திருக்கிறது. ஏப்ரல் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவள் போனால் இந்தக் கம்பெனி ஒரு வாரம்கூடத் தாங்காது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாதே என்று எந்தப் பாடமும் இல்லை, நானாகத்தான் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

ஒரு வாரப் புள்ளிவிவரம்: பட்டியலைத் தொட்டவர்களில் தொண்ணூற்று நான்கு சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தது 'மற்றவை'.

இதை நிறுவனர் கூட்டத்தில், "ஒரே தேர்வுக்கு இவ்வளவு ஆதரவு" என்று படம் போட்டுக் காட்டினேன். இரண்டு கம்பெனி விற்றவர் தலையாட்டினார். பின்வரிசையில் ஒருவர், மூன்று கம்பெனி மூடியவராம், கை தூக்கினார்.

"மத்தவைன்னா என்ன சார்?"

"மற்ற எல்லாம்."

"சரி, அந்த எல்லாம் இப்ப எங்க இருக்கு?"

மூடியவர்களை எல்லாம் எதற்குக் கூப்பிடுகிறார்களோ.

மார்ச் 26, புதன்

ஏழு கடைகள் விலகிவிட்டன. மூன்று கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, எங்கள் முதல் வாடிக்கையாளர், விலகவில்லை. நன்றி சொல்லப் போனேன். துணிமூட்டைகளில் துண்டுச்சீட்டு குத்திக்கொண்டிருந்தார். "இதுல எழுதி ஊக்கால குத்துறேன் தம்பி. உங்க செயலி வர்றதுக்கு முன்னாடியும் இப்படித்தான்."

இரண்டு வருட உழைப்பு. அவரை ஊக்கிலிருந்து எடுத்து ஊக்கிடமே கொண்டுபோய் விட்டிருக்கிறோம்.

தங்கச்சியிடம் சொல்லவில்லை. அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 1

முட்டாள்கள் தினம். யாரும் வாழ்த்தவில்லை. நல்ல மனிதர்கள்.

ஏப்ரல் 9, புதன்

அந்த அம்மாவின் இரண்டாவது கடையில் ஒருவர் ஸ்வெட்டர் கொடுத்திருக்கிறார். முழங்கை பிரிந்திருந்தது. தையல் மட்டும் போதும், துவைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாராம். வாங்கிய பெண்ணுக்கு அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. 'மற்றவை'யைத் தொட்டிருக்கிறாள். சீட்டும் குத்தியிருக்கிறாள், அது வழியில் எங்கோ விழுந்துவிட்டது. துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அது இறந்துபோன அவர் மனைவியுடையது.

சலவைக்கடைக்கான பட்டியலில் 'துவைக்காதே' என்று ஒரு தேர்வு வைக்க எனக்கு ஏன் தோன்றவில்லை? யாருக்குத்தான் தோன்றும்? — இது சமாளிப்பு. பெட்டி இருந்திருந்தால் யாருக்கும் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அவர் வீட்டுக்குப் போனேன். தங்கச்சியைக் கூப்பிடவில்லை. இது என் முடிவு, நோட்டிலேயே இருக்கிறது.

பேருந்தில் ஒரு பேச்சுத் தயார் செய்துகொண்டு போனேன். கதவு திறந்ததும் பாதி மறந்துவிட்டது. "பெட்டிய எடுத்தது நான்தான் சார்" என்றேன். அவருக்கு என்ன பெட்டி என்று புரியவில்லை. விளக்கினேன். ஒரு மனிதரிடம் போய் மென்பொருளை விளக்கினேன், கடவுளே. முழுக்கக் கேட்டார்.

"அவ வாசனை இருந்துச்சு தம்பி அதுல. ஒரு வருஷமா அலமாரியைத் தெறக்காம பாத்துக்கிட்டேன். இப்ப பளிச்சுனு இருக்கு." அப்புறம், "தையல் நல்லாப் போட்டிருக்காங்க" என்றார்.

செருப்பால் அடித்திருக்கலாம். தெருமுனை வரைக்கும் வந்து நின்று அழுதேன். முப்பத்தாறு வயசு எனக்கு.

ஏப்ரல் 11, வெள்ளி

"பெட்டிய திருப்பி வச்சிடலாமா?" என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"நேத்தே வச்சிட்டேன். உன்னைக் கேக்கல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆறாயிரம் குறிப்பை அவள் படித்திருக்கிறாள், நான் இருபது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"இனிமே நீதான் பாத்துக்கணும். கம்பெனிய. முழுசா. நீ போயிட்டா இது நிக்காது, எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள். "அப்ப நீ என்ன பண்ணுவ?"

"நீ சொல்றத."

"போன் எடுப்பியா? தினமும்?"

"எடுக்குறேன்."

"பாடம் எடுக்காம?"

அதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 30, புதன்

மருத்துவமனைக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் மூன்று அழைப்பு.

செப்டம்பர் 18, வியாழன்

எழுத நேரமில்லை. ஐம்பத்தெட்டு கடைகள். ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு குரல், ஒரு புகார், ஒரு முழங்கால் வலி. எனக்கு எல்லாம் அத்துப்படி.

இன்று காலை நிறுவனர் கூட்டத்திலிருந்து போன். அடுத்த மாதம் மேடையில் பேச ஆள் வேண்டுமாம். "உங்க நிறுவனர்கிட்ட பேசணும் சார்."

"ஒரு நிமிஷம், கூப்பிடுறேன்" என்றேன். தயங்காமல் வந்தது. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

தங்கச்சி கைவேலையை முடித்துவிட்டு எழுந்து வர வேண்டும். அதுவரை அவர் சும்மா இருக்கக் கூடாதா? "நீங்க யாரு சார் பேசுறது?"

"அவங்க அண்ணன்."

வலித்ததா? வலித்தது. பொய் எழுதுவானேன். போனை அவளிடம் நீட்டினேன். அதற்குள் அடுத்த போன் அடித்தது, எடுத்துவிட்டேன்.