இனிக்காத சர்க்கரை

பிப்ரவரி 3, 2025
கிளினிக்கில் என் மூன்று மாதச் சர்க்கரை 9.8. எங்கள் மலையூர் திரிங்காப்பின் லோரிக்காரர்களில் இவ்வளவு பெரிய நம்பர் எவனுக்கும் வராது. ஆனால் மே மாதத்துக்குள் குறையாவிட்டால் லைசென்ஸ் பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் டாக்டர். முப்பத்தொரு வருஷமாக முட்டைகோஸ் ஏற்றி மலை இறங்குகிறவன். லோரி இல்லாவிட்டால் நான் யார்?

நர்ஸ் நடாலியிடம் சொன்னேன்: "சீனியத் தொட்டே ஒரு வருஷமாச்சு லா."

"அப்ப காலையில என்ன சாப்புடுறீங்க அங்கிள்?"

"அவிச்ச மரவள்ளிக்கிழங்கு. உப்புப் போட்டு."

தலையில் கை வைத்துக்கொண்டது அந்தப் பிள்ளை. இனிக்காத பொருளில் சீனி எப்படி இருக்கும்?

பிப்ரவரி 5
நடாலி சொன்ன சோதனை. வெறுஞ்சோறு ஒரு கவளம், விழுங்காமல் மென்றேன். இருநூறு தடவை. (சரி, அறுபது.) இனிக்கிறது.

"மாடு மாதிரி என்ன அசை போடுறீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி கங்கா.

"ஆராய்ச்சி."

பிப்ரவரி 9
நடாலி விளக்கினாள்: மாவுச்சத்து என்பது சீனிமணிகளைக் கோத்த மாலையாம். மணிக்குள் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், வேறொன்றுமில்லை. எச்சில் மாலையை அறுக்கிறது. அதுதான் இனிப்பு. அப்படியானால் தினமும் காலையில் மாலை மாலையாக விழுங்கியிருக்கிறேன்.

மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகுமாம். லோரி மருந்துப்பெட்டியில் இருந்ததைக் கிழங்கில் சொட்டினேன். கருநீலம். சோறும் கருநீலம். முட்டைகோஸ் மட்டும் நிறம் மாறவில்லை.

பிப்ரவரி 16
முட்டைகோஸ் நாரும் அதே மணிதானாம். முடிச்சுதான் வேறு. நம் வயிற்றால் அவிழ்க்க முடியாது. ஒரே செங்கல் — செடிக்குச் சுவர், கிழங்குக்குள் சேமிப்பு. இத்தனை வருஷம் ஏற்றியிருக்கிறேன், ஒருத்தனும் சொல்லவில்லை.

மார்ச் 11
கிழங்கு, சோறு, ரொட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி நாலு நாள். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடாமல் போட்டேன். மலை இறங்கும்போது கோலா தெர்லா ஊர் வளைவில் கை நடுங்கி, கண் இருட்டி... எப்படி ஓரங்கட்டினேனோ. பின்னால் இன்னொரு லோரியில் வந்த கூட்டாளி வீரப்பன் சீனித்தண்ணி குடிக்க வைத்தான்.

"என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"எஞ்சின் சூடு" என்றேன்.

மூளைக்குச் சீனிதான் பெட்ரோலாம். ஈரல் கொஞ்சம் ஸ்பேர் டேங்க் வைத்திருக்குமாம். நான் அதையும் காலி பண்ணிவிட்டேன் போல. நாளையிலிருந்து அளவாகச் சோறு. கங்காவிடம் சொல்லவில்லை.

மே 5
7.4. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"மயக்கம், நடுக்கம் ஏதாவது வந்துச்சா?"

இல்லை என்று சொன்னால் கையெழுத்து விழுந்துவிடும். கங்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்தக் கோலா தெர்லா வளைவில் எதிரே ஸ்கூல் பஸ் வரும்.

"ஒரு தடவ. ஓட்டிக்கிட்டு இருக்கும்போது" என்றேன்.

பேனாவை மூடிவிட்டார். மாத்திரையை மாற்றி, இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், அதுவரை ஓட்டக் கூடாது என்றார். வீடு வரும்வரை கங்கா என் கையை விடவில்லை.

மே 7
லோரியை வீரப்பன் ஓட்டினான். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தில் இவ்வளவு தேயிலை இருக்கிறதா?