கொடிநங்கையின் பெயரில் வாசித்த பொறி

இரு ஆறுகள் கூடும் ஈராற்று நாட்டை ஆள்பவரும், மறைந்த மன்னர் வேலிறையாரின் துணைவியாருமான எழினிமாதேவி, தென்கடல் நாட்டு மன்னர் ஆதவவேள் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் குறையாதிருக்கட்டும். தங்கள் மக்கள் பசியறியாதிருக்கட்டும். மூன்று தலைமுறையாகத் தங்கள் குலத்தோடு எம் குலம் கொண்ட நட்பை மதித்தே இவ்வாழ்த்தை முதலில் வைத்தோம். இதற்குமேல் எழுதுவதில் இனிமையை எதிர்பாராதிருப்பீராக.

எம் அவையில் பேழையாழ் வாசிப்பவள் கொடிநங்கை. கறுப்பும் வெள்ளையுமான கட்டைகளை விரலால் அழுத்த, பேழைக்குள் மரச்சுத்திகள் நரம்புகளைத் தட்டி ஒலியெழுப்பும் அக்கருவி தங்கள் அரண்மனையிலும் உண்டு. அதற்குச் சுருதி சேர்த்துத் தரவேண்டுமென்று தங்கள் பொறிநூல் தலைவர் வாணகோவர் கேட்டனுப்பியதால், சென்ற வேனிலில் அவளை அனுப்பிவைத்தோம்.

அங்கே ஒவ்வொரு கட்டையையும் மெல்லவும் வன்மையாகவும் பன்னிரண்டு விதமாய் அழுத்தச் சொன்னார்கள். பிறகு அவள் அறிந்த பண்களையெல்லாம் வாசிக்கச் சொன்னார்கள். அந்நாளில் அவளது வலக்கை மோதிரவிரல் கதவிடுக்கில் நசுங்கி வீங்கியிருந்தது. விரல் ஆறட்டும், பிறகு வாசிக்கிறேன் என்றாள். சுருதி பார்க்கத்தானே அம்மா, இதுவே போதும் என்றார் வாணகோவர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது நாள் வாசித்தாள். அடுத்த அறையில் எழுத்தர் எழுவர் அமர்ந்து அவள் விரலின் ஒவ்வோர் அசைவையும் எண்ணாக மாற்றிக்கொண்டிருந்ததை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. நாற்பத்தோராம் நாள் பட்டாடை ஒன்றைக் கொடுத்து, இனித் தங்கள் உதவி வேண்டியிராது என்று விடை கொடுத்தார்கள். அவளும் பட்டாடையை மடியில் வைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடுதான் படகேறினாள்.

எம் மன்னர் மறைந்த ஓராண்டு நினைவுநாள் சென்ற திங்களில் வந்தது. அன்று வாசிப்பதற்காகத் தன் ஊரிலிருந்து புறப்பட்ட கொடிநங்கை, ஆற்றில் வெள்ளம் புரண்டதால் தோணித்துறையில் இரண்டு நாள் சிக்கிக்கொண்டாள். நினைவுநாள் காலையில் தங்கள் தூதராக வந்திறங்கிய வாணகோவர், கொடிநங்கையைத் தம் கலத்திலேயே அழைத்து வந்துவிட்டதாகவும், துயரம் மிகுந்திருப்பதால் அவள் திரைக்குப் பின்னிருந்தே வாசிப்பாள் என்றும் எம்மிடம் கூறினார். அண்டை நாட்டுத் தூதர் சொல்லை ஐயுறுவது எம் வழக்கமன்று. நம்பினோம்.

திரைக்குப் பின்னிருந்து இரங்கற்பண் எழுந்தது. யாம் அழுதோம், வேந்தரே. கணவரை எரியூட்டிய அன்றும் பலர் காண அழாத யாம் அன்று அழுதோம்.

அவ்வேளையில்தான் கொடிநங்கை சேற்றுக் காலோடு மேலை வாயிலை அடைந்தாள். காவலன் அவளை அடையாளம் அறியாமல், கொடிநங்கை வாசித்துக்கொண்டிருக்கிறாள், ஓசை செய்யாமல் நில்லுங்கள் அம்மா என்று தடுத்தான். அவள் நின்று கேட்டாள். பண் அவள் என்றும் வாசித்தறியாதது. ஆனால் கட்டையைத் தொடும் விதம், விடும் விதம், இடக்கையின் கனம் எல்லாம் அவளுடையவை. தன் கையை இத்தனை நுணுக்கமாகக் கற்றவர் யாரென்று முதலில் வியந்தாள். பிறகு மோதிரவிரலுக்கு உரிய ஒலிகள் மட்டும் இமைப்பொழுது பிந்தி விழுவதைக் கேட்டாள். அது தங்கள் அரண்மனையில் வீங்கிய விரலோடு தான் வாசித்த வாசிப்பு என்று அறிந்தாள். காவலனை விலக்கி, அவையின் நடுவே நடந்து சென்று, திரையைப் பிடித்து இழுத்தாள்.

அங்கே இருக்கை இல்லை. நரம்பில்லை, சுத்தியில்லை, ஆளுமில்லை. செப்பு வாய் வைத்த கணிப்பொறி ஒன்று தன்பாட்டுக்கு இரங்கிக்கொண்டிருந்தது.

வாணகோவர் நாணவில்லை. அரசியாரின் கண்ணீர் உண்மைதானே, அதை வரவழைத்தது பொறியானால் என்ன என்று எம் முகத்துக்கு நேரே கேட்டார். இவளுக்கு மூப்பு வரும், பொறிக்கு வராது; இனி ஊருக்கொரு கொடிநங்கையை வைக்கலாம் என்றார். ஐயமிருந்தால் அவையிலுள்ள பேழையாழில் இவளை வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார்.

கொடிநங்கை ஈர ஆடையோடு அமர்ந்தாள். மழைக்காலமாதலால் கீழ் நரம்புகள் தளர்ந்திருந்தன. ஒரு கட்டை அழுந்தினால் எழ மறுத்தது. சில கட்டைகளைத் தட்டிப் பார்த்தவள், அக்கட்டை வராத வேறு சுருதியில் அதே இரங்கற்பண்ணை, ஒருமுறை மட்டும் கேட்டதை, வாசிக்கத் தொடங்கினாள். இரண்டிடத்தில் தடுமாறினாள். பாதியில் கூரைமேல் மழை கொட்டியபோது, அதனோடு போட்டியிடாமல் ஒரே ஒலியைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு அது ஓயும்வரை காத்திருந்து, மீண்டும் எடுத்தாள்.

முடிந்ததும் எம் அவைப்புலவர் எழுந்து சொன்னதை வெட்கத்தோடு எழுதுகிறோம். பொறியின் வாசிப்பே கொடிநங்கையைப்போல் இருந்தது, இவ்வாசிப்பில் அவளுக்கே உரிய அந்த விரல் தயக்கத்தைக் காணோம் என்றார் அவர். பலர் தலையசைத்தார்கள்.

கொடிநங்கை மோதிரவிரலை உயர்த்திக் காட்டினாள். அது தயக்கமில்லை புலவரே, வலி, ஆறிப்போய்விட்டது என்றாள்.

அச்சொல் இதை எழுதும் இக்கணமும் எம்மைச் சுடுகிறது. நசுங்கிய விரலோடு ஒருத்தியை வாசிக்க வைத்து, அவள் வலியை எண்ணாக்கி, அதை அவள் அழகென்று விற்று, அவள் நலமடைந்து வந்து நின்றால் அவளையே போலி என்று சொல்ல வைத்திருக்கிறார் தங்கள் தூதர்! எம் செவி ஏமாந்ததை மறைக்கமாட்டோம். பொறி பிழையின்றி வாசித்தது என்பதையும் ஒப்புகிறோம். ஆனால் எம் துயர நாளில் எம் முன் பொய்யுரைக்கத் துணிந்தவர் எவராயினும், அவர் கலை எத்துணைப் பெரிதாயினும், எம் எல்லைக்குள் அவருக்கு இடமில்லை.

பொறியை அங்கேயே நொறுக்க ஆணையிட்டோம். கொடிநங்கை குறுக்கே நின்று தடுத்தாள். அது என்ன செய்தது, விட்டுவிடுங்கள் என்றாள். ஆகவே அதைப் பழுதின்றித் தங்கள் கலத்திலேயே ஏற்றியிருக்கிறோம். திரையை மட்டும் அனுப்பவில்லை. தங்கள் நாட்டார் விரும்பினால் பொறியைக் கேட்டு மகிழட்டும். அதைச் செய்தவர் பெயரால் கேட்கட்டும். கொடிநங்கையின் பெயரால் அது எங்கும் ஒலிக்கலாகாது என்று தங்கள் தலைநகரில் முரசறையச் செய்க. முரசின் செய்தி எம்மை எட்டும்வரை ஈராற்று நாட்டுத் துறைகள் ஐந்தும் தங்கள் கலங்களுக்கு அடைபட்டிருக்கும். வாணகோவருக்கு என்றைக்கும் அடைபட்டிருக்கும்.

இவை எம் சொல். வெள்ளம் வடியாத ஆவணித் திங்கள் பதினேழாம் நாள், ஈராற்று இலச்சினை பொறித்து எம் கையால் கட்டினோம். கட்டுமுன் கொடிநங்கைக்குப் படித்துக் காட்டினோம். ஓலையின் அடியில் ஒரு வரி எழுத அவள் இடம் கேட்டாள், கொடுத்தோம். அது வருமாறு:

என் பெயரைத் திருப்பித் தாருங்கள். வாசிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.