முழங்கைக்குப் பின்னால்

மார்ச் 4
எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்கான நரம்பு மண்டலப் படங்களில் மூளை முடிந்தது. தண்டுவடத்துக்கு மை போடும்போது ஈரத்தின் மேலேயே கையை இழுத்துவிட்டேன். நான்கு வருட வேலையில் முதல் முறை. வரையும்போது சுண்டுவிரல்தான் தாளில் ஊன்றி நகரும். ஈரம் பட்டால் அதுதான் முதலில் சொல்லும். இன்று சொல்லவில்லை. மரத்திருந்தது.

மார்ச் 6
மோதிர விரலிலும் பாதி. சுண்டுவிரலை ஒட்டிய பாதி மட்டும். ஊசியால் குத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் வலிக்கிறது. மறுபக்கம் யாருடைய விரலோ.

மார்ச் 9
அத்தைக்கு வந்த நரம்பு வியாதியும் வலது கை விரலில்தான் ஆரம்பித்தது. முதலில் டம்ளர் நழுவியது. மூன்றாம் வருடம் பேச்சு போயிற்று. எனக்கு அப்போது பதிமூன்று வயது. கஞ்சி ஊட்டும் ஸ்பூன் அத்தையின் பல்லில் படும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அக்கா கேட்டாள்: “என்னடி, கையை உதறிக்கிட்டே இருக்க?”

“தூங்கும்போது மடங்கிடுச்சு.”

பொய் எவ்வளவு சரளமாக வருகிறது.

மார்ச் 11
இன்றைய படம்: சூடான பாத்திரத்தில் பட்ட கை. செய்தி விரலிலிருந்து தண்டுவடத்துக்கு ஓடுகிறது. மூளையைக் கேட்காமலே தண்டுவடம் ‘இழு’ என்கிறது. மூளைக்குத் தகவல் பிறகுதான். முதலாளி வருவதற்குள் தீயை அணைத்துவிடும் காவலாளி.

மாலையில் பால் பாத்திரத்தை இறக்கினேன். மற்ற விரல்கள் பிடிதுணிக்குள். சுண்டுவிரல் வெளியே. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

காவலாளி எங்கே போனான்?

மார்ச் 12
கண்டதையும் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கக் கூடாது என்று தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் — இல்லை, இந்த வீட்டுக்குப் பேய் நிஜமாகவே ஒரு முறை வந்திருக்கிறது.

மார்ச் 13
வலது கைக்கு ஆணை மூளையின் இடது பாதியிலிருந்து. அங்கேயா?

மார்ச் 16
படங்களைச் சரிபார்க்கும் பேராசிரியர் கை நரம்புகளின் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். முழங்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். போனில் சொன்னார்: “என்னம்மா, சுண்டுவிரலுக்குப் போற நரம்பை முழங்கைக்கு முன்னாடி கொண்டுபோயிட்டீங்க? அது எலும்புக்குப் பின்னாடி, பள்ளத்துல போகுது. தோலுக்கு அடியிலேயே. இடிச்சா ஷாக் அடிக்குமே, அந்த இடம்.”

திருத்துவதற்காக என் முழங்கையிலேயே அந்தப் பள்ளத்தைத் தேடி அழுத்தினேன். சுண்டுவிரலிலும் அதே பாதி மோதிர விரலிலும் சுரீரென்று ஓடியது.

மேசையைப் பார்த்தேன். என் முழங்கை ஊன்றும் ஓரத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிகிறது. தினம் பத்து மணி நேரம்.

இதுதானா? இது மட்டும்தானா? நம்பப் பயமாக இருக்கிறது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நாளைக்கே நேரம் கேட்டுடுறேன், டாக்டர்கிட்ட போறோம்” என்றாள். ‘போறோம்’ என்றாள், ‘போ’ என்று அல்ல.

மார்ச் 20
நரம்பு டாக்டர் கையில் சிறிது மின்சாரம் செலுத்தி, செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார். முன்னங்கையில் சரியான வேகம். முழங்கையைத் தாண்டும் இடத்தில் மட்டும் தயங்குகிறது. மேசையைப் பற்றியும் அத்தையைப் பற்றியும் சொன்னேன்.

“அந்த வியாதி இப்படி மரத்துப்போய் ஆரம்பிக்காதும்மா. உங்க பிரச்சினை மூளையில இல்ல, மேசையில.”

தெருவுக்கு வரும்வரை அக்கா பொறுத்திருந்தாள். “தோள்ல பிள்ளைய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுனவ நீதாண்டி. ரெண்டு வாரம் எங்கிட்ட மறைச்சிருக்க பாரு.”

பிறகு அழுதாள். அத்தைக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான்.

ஏப்ரல் 2
மேசை ஓரத்தில் அக்காவின் பழைய துண்டு நான்காக மடிந்து கிடக்கிறது. விரல் அப்படியேதான் இருக்கிறது. குணமாக மாதக்கணக்கில் ஆகலாமாம். டாக்டர் சொன்னதை நம்புகிறேன். காலையில் நம்புகிறேன்.

மே 9
சுண்டுவிரலில் கூச்சமா, அரிப்பா? ஏதோ ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 18
புத்தகத்தின் பிரதி வந்தது. 112-ஆம் பக்கம், நரம்பு முழங்கைக்குப் பின்னால்தான் போகிறது. புரட்டும்போது தாளின் ஓரம் சுண்டுவிரலைக் கீறிவிட்டது. எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.